உப்பளக் கரையில் முறைக்காய்ச்சல் கண்ட எஞ்சின்

நிலையாக நிற்கும் நோயைவிட முறைக்காய்ச்சலைப் பிடிப்பது கடினம் என்பது பழைய வைத்தியர்கள் அனுபவத்தில் அறிந்த விஷயம். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமுமாக வந்து, நோயாளி வைத்தியரின் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும் சுவடே இல்லாமல் ஒளிந்துகொள்ளும் அந்தக் காய்ச்சலைப் போலவே, பழைய மோட்டார் வண்டிகளில் விட்டுவிட்டு வரும் மிஸ்ஸிங்கும், ஓடிக்கொண்டிருக்கையிலேயே எஞ்சின் அணைந்துபோகும் கோளாறும், பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியவுடன் மறைந்துவிடுகின்றன. மெக்கானிக் பானெட்டைத் தூக்கிப் பார்க்கிற அரைமணி நேரமும் எஞ்சின் கடிகாரம் போல ஓடி, வண்டிக்காரரைப் பொய்யராக்கிவிட்டு, வீடு திரும்பும் வழியில் மூன்றாவது கிலோமீட்டரில் மறுபடியும் இருமத் தொடங்கும்.

இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் பெரும்பாலோர் செய்வது, சந்தேகத்துக்கு ஆளான உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதுதான். காயில் போகும், கண்டென்சர் போகும், பிளக்குகள் நான்கும் போகும், பணமும் போகும். நோய் மட்டும் போகாது. இந்த அத்தியாயம் வேறொரு வழியைச் சொல்ல வந்தது. கோளாறு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதையே முதல் சாட்சியமாகக் கொண்டு, ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே காரணத்தை ஒருவாறு அனுமானித்து, அந்த அனுமானத்தைச் சிறு சோதனைகளால் பிரத்தியட்சமாக்கிக்கொள்ளும் வழி அது.

மரக்காணத்தில் வண்டி வைத்திருப்பவருக்கு இவ்வழி மற்ற ஊர்க்காரரைவிட அதிகம் தேவைப்படுகிறது. பக்கிங்காம் கால்வாய் தன் நீண்ட பிரயாணத்தைத் தெற்கே முடித்துக்கொள்ளும் இடம் இது. ஒருபுறம் கடல், மறுபுறம் கழுவெளியின் உவர்நீர்ப் பரப்பு, இரண்டுக்கும் இடையே, தை மாசியில் பாத்தி திருத்தத் தொடங்கி ஐப்பசி மழை இறங்கும்வரை வெள்ளை வெளேரென்று விளைந்துகிடக்கும் உப்பளங்கள். மற்றக் கடற்கரைகளில் அலையடிக்கும் இடத்திலிருந்து சிறிது தூரம் உள்ளே சென்றால் காற்றிலுள்ள உப்பு வெகுவாகக் குறைந்துவிடும்; இங்கோ, உள்ளே சென்றாலும் உப்பே எதிர்கொள்கிறது. உப்பு லாரிகள் சிந்திச் செல்லும் தூளும், பாத்திகளின்மீது தவழ்ந்து வரும் காற்றும், சாலையில் தேங்கிய உவர்நீரைச் சக்கரங்கள் வாரி இறைக்கும் துளிகளும் பானெட்டின் இடுக்குகள் வழியே நுழைந்து, எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பின்மீதும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன.

இந்தப் படலத்தின் குணத்தைப் புரிந்துகொண்டவர் பாதி நோயைப் புரிந்துகொண்டவராவார். சுத்தமான சமையலுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆனால் கடல்நீரில் இருப்பது அந்த உப்பு மட்டுமன்று; பாத்தியில் உப்பு படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மிகுந்திருக்கும் மக்னீஷியம் குளோரைடு, ஈரப்பதம் 33 சதவீதமாக இருந்தாலே தண்ணீரை இழுத்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆகவே வீட்டு உப்பு ஜாடியில் உலர்ந்து கிடக்கும் நாளிலும், கழுவாத அளத்து உப்பின் தூள் படிந்த டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி சற்றே ஈரமாயிருக்கக்கூடும். உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. நனைந்த உப்பு தாராளமாகக் கடத்தும். இதனால் மின்சாரம் போகக்கூடாத இடத்தில் உப்பு ஒரு வழியைத் திறந்துவிடுகிறது. அதே உப்பு, இரும்பையும் செம்பையும் பித்தளையையும் அரித்துத் துருவும் களிம்பும் பிடிக்கச் செய்து, மின்சாரம் போகவேண்டிய இடத்தில் வழியை அடைத்தும் விடுகிறது. முதலாவது தீமை ஈரமான வேளையில் வரும். இரண்டாவது, அதிர்விலும் உஷ்ணத்திலும் வந்துபோகும். இரண்டும் நாளுக்கு நாள், நாழிகைக்கு நாழிகை மாறுவதால்தான் இக்கரையில் எஞ்சின் கோளாறுகளுக்கு இந்த முறைக்காய்ச்சல் லட்சணம் இவ்வளவு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

நோட்டுப் புத்தகம்

இங்கே நான் பேசுவது, பாயிண்ட்டும் கார்புரேட்டரும் உள்ள பழைய பெட்ரோல் வண்டிகளைப் பற்றி: உத்தர்பாராவில் தயாரான அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சின், 1089 சி.சி. பத்மினி, வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலியவை. இவை எல்லாவற்றிலும் தீப்பொறி பிறக்கும் முறை ஒன்றே. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் முதல் சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். பாயிண்ட் திறக்கும் க்ஷணத்தில் அந்த ஓட்டம் அறுபட, இரண்டாம் சுற்றில் பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் எழுந்து, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் சுழலும் ரோட்டர் வழியாக உரிய பிளக்கைச் சென்றடையும். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது நான்கு சிலிண்டர்களுக்குமாக விநாடிக்கு 100 பொறிகள் வேண்டும். இத்தனை நுட்பமான ஒரு காரியத்தில், அவ்வப்போது ஒரு பொறி தவறுவதற்கு எத்தனை சிறிய காரணம் போதும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

ஆகையால், கோளாறு முதல்முறை தலைகாட்டிய அன்றே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் வண்டியில் போட்டுவையுங்கள். வண்டி திணறும் ஒவ்வொரு தடவையும், வேளை என்ன, காற்று கடலிலிருந்தா மேற்கிலிருந்தா, கிளம்பி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, சாலை சமமா குண்டும் குழியுமா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, ஆக்ஸிலேட்டரின்மேல் கால் அழுத்திக்கொண்டிருந்ததா எடுத்துக்கொண்டிருந்ததா, நின்றபின் எவ்வளவு நேரம் கழித்து மீண்டும் கிளம்பியது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு தடவை எழுதினாலே ஓர் ஒழுங்கு புலப்படத் தொடங்கும். பனிக்காலத்து விடியலில் மட்டும் மிஸ்ஸிங் இருந்து, பத்து நிமிஷ ஓட்டத்தில் எஞ்சின் சூடேறியதும் மறைந்தால், ஈர உப்பின் வேலை என்று துணியலாம். அரைமணி ஓடிச் சூடான பிறகே நின்று, இருபது நிமிஷம் ஆறினால் மறுபடி ஓடுமானால், காயில், கண்டென்சர் அல்லது பெட்ரோல் ஆவியடைப்பு. கிளம்பிய இடத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றால் டேங்க் மூடி. குழியில் இறங்கும்போதெல்லாம் துள்ளி நின்றால் தளர்ந்த வயர் அல்லது எர்த். காலை எடுக்கும்போதோ அழுத்தும்போதோ நின்றால் என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். எனக்கு மிக விலையுயர்ந்த பாடமாக அமைந்தது அது.

நின்ற முதல் இரண்டு நிமிஷம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது எஞ்சின் அணைந்தால், எல்லாவற்றுக்கும் முன் உயிரைக் காத்துக்கொள்ளவேண்டும். கிளட்சை மிதித்து, வண்டி உருளும் வேகத்திலேயே இடது ஓரத்துக்கு ஒதுங்குங்கள். வேக்கம் உதவியோடு இயங்கும் பிரேக் உள்ள வண்டியானால், எஞ்சின் நின்றபின் ஓரிரு மிதிகளுக்கே அந்த உதவி கிட்டும். ஆகையால் பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். பதற்றத்தில் சாவியைப் பின்னுக்குத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் வண்டிகளும் உண்டு; முற்றிலும் நிற்கும்வரை சாவியைத் தொடவேண்டாம்.

நின்ற விதத்தை உடனே நினைவுபடுத்திப் பாருங்கள். விளக்கை ஊதி அணைத்தாற்போல் ஒரே நொடியில் உயிர் போயிற்றென்றால் பெரும்பாலும் மின்சாரம். விக்கி, இருமி, இழுவை குறைந்து, சோக்கை இழுத்தால் சற்றே பிழைத்து, பிறகு மெல்ல அடங்கிற்றென்றால் பெரும்பாலும் பெட்ரோல். இந்த ஒரு வேறுபாட்டைக் கூர்ந்து கவனிக்கப் பழகியவர் பாதி உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்வார்.

அடுத்த சோதனையை எஞ்சின் ஆறுவதற்குள் செய்யவேண்டும். ஆறியபின் செய்யும் சோதனை, காய்ச்சல் விட்டபின் கைபிடித்துப் பார்ப்பது போன்றதே. காயிலிலிருந்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியின் நடுவில் செருகும் தடித்த வயரை உருவி, உலர்ந்த மரக் கிளிப்பினால் பிடித்து, அதன் நுனியை எஞ்சினின் உலோகத்திலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளிவைத்து, வேறொருவரைக் கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். நீலநிறத்தில் சொடுக்கென்ற சத்தத்தோடு பொறி தாண்டினால், காயிலும் பாயிண்ட்டும் அந்தக் க்ஷணத்தில் நலமாயிருக்கின்றன. மஞ்சளாக, மெலிந்து, தயங்கித் தயங்கி வந்தாலோ வராமலே போனாலோ நோய் அங்கேதான். பெட்ரோல் குழாய் எதையும் திறப்பதற்கு முன்பே இந்தப் பொறிச் சோதனையை முடித்துவிடவேண்டும்; பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் பொறியை வரவழைப்பது பெரும் ஆபத்து.

ஓடும்போது மட்டும் வரும் நோய்க்கு ஒரு காவல்காரனை நியமிக்கலாம். டாஷ்போர்டில் எரியும் அளவுள்ள ஒரு சிறு 12 வோல்ட் பல்பை எடுத்து, ஒரு வயரைக் காயிலில் சாவியிலிருந்து மின்சாரம் வந்துசேரும் முனையிலும், மற்றொன்றை எர்த்திலும் பொருத்தி, பல்பை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியும்படி கட்டிவைத்து ஓட்டுங்கள். எஞ்சின் அணையும் க்ஷணத்தில் பல்பும் அணைந்தால், சாவி சுவிட்ச்சிலிருந்து காயில்வரை உள்ள வழியில் எங்கோ முறிவு. பெட்ரோலையும் பிளக்கையும் மறந்துவிடலாம். பல்பு எரிந்துகொண்டேயிருக்க எஞ்சின் மட்டும் அணைந்தால், சுவிட்ச்சை மறந்துவிட்டுக் காயிலிலும் அதற்கு அப்பாலும் தேடலாம். சில்லறைக் காசு பெறும் இந்தப் பல்பு, ஆயிரக்கணக்கில் பணம் செலவழித்தும் தெரியாத செய்தியைச் சொல்லிவிடும்.

விடியற்கால மிஸ்ஸிங்

மரக்காணத்துக்கே உரிய நோய் இது என்பதால் சற்று விஸ்தாரமாகச் சொல்கிறேன். தை, மாசி மாதங்களில் பனி கொட்டிய இரவுக்குப் பின், வெளியில் நின்ற வண்டி விடியலில் கிளம்பும்போது மூன்று காலில் நடக்கும் மாடுபோல் ஓடுகிறதென்றால், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி, ரோட்டர், பிளக்குகளின் வெள்ளைப் பீங்கான், தடித்த வயர்கள் ஆகிய நான்கையும் சந்தேகிக்கவேண்டும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்காகப் புறப்பட்ட பல ஆயிரம் வோல்ட் மின்சாரம், ஈர உப்புப் படலத்தில் அதைவிடச் சுலபமான ஒரு பாதையைக் கண்டு அவ்வழியே எர்த்துக்கு இறங்கிவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். நிலவில்லாத இரவில், விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்து, கையையும் துணியையும் ஃபேனிலிருந்து எட்டவைத்துக்கொண்டு நின்று கவனியுங்கள். செடிக்குத் தெளிக்கும் சிறு தெளிப்பானால் மூடியின்மீதும் வயர்களின்மீதும் பனிபோல மெல்லிதாக நீர் தூவினால், வெடிப்பு விட்ட இடங்களில் நீலக்கோடுகள் மின்னி ஓடும். எஞ்சினின் ஓட்டமும் அப்போதே தடுமாறும். எந்த வயரைத் தூவியபோது தடுமாறிற்று என்று பார்த்துக்கொண்டால், நோயின் இருப்பிடம் கைக்கு அகப்பட்டதாகும்.

இனி சுத்தம் செய்யும் விஷயம். பெட்ரோல் நனைத்த துணியால் மூடியைத் துடைத்துவிட்டுச் சுத்தமாயிற்று என்று மாட்டிவிடுவது பல இடங்களில் வழக்கமாயிருக்கிறது. பெட்ரோல் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும், உப்பைக் கரைக்காது. மூடி பளபளக்கும், உப்போ அப்படியே இருக்கும், மறுநாள் விடியலில் நோயும் அப்படியே வரும். உப்பைக் கரைப்பது நல்ல தண்ணீர் ஒன்றே. வயர்களுக்கு எண் எழுதி அடையாளம் வைத்துக்கொண்டு மூடியைக் கழற்றி, குடிதண்ணீரில் உள்ளும் புறமும் கழுவி, நல்ல வெயிலில் அரைமணி உலரவைத்து, பிறகு ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். கடலோரத்துக் கிணறுகளில் பல உப்புக் கரிக்கும். அந்த நீரால் கழுவுவது சேற்றைக் கொண்டு சேற்றைக் கழுவுவதாகும். வயர்களையும் பிளக்கின் பீங்கானையும் இவ்வாறே ஈரத்துணியால் துடைத்து உலர்த்தவேண்டும். உலர்ந்த மூடியின் உட்புறத்தைச் சாய்வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பித்தளை முனைகளுக்கிடையே பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கருங்கோடு தெரிகிறதா என்று கவனியுங்கள். மின்சாரம் ஓடி ஓடி எரித்துவைத்த கரிப்பாதை அது. சுரண்டினால் சில நாள் தாங்கும். மூடியை மாற்றுவதே நிவர்த்தி. நடுவிலுள்ள கரித்துண்டு தன் சுருள்வில்லின்மேல் தடையின்றி அசைகிறதா என்பதையும் விரலால் அமுக்கிப் பார்க்கவேண்டும்.

2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது போன்ற நாட்களில், காற்று உவர்நீரையே சாரலாக்கி எல்லா இடுக்குகளிலும் செலுத்திவிடுகிறது. புயல் கடந்த மறுநாள் வண்டி கிளம்பிவிட்டது என்பதற்காகத் திருப்தியடையாமல், மேற்சொன்ன கழுவலைச் செய்துவிடுவது நல்லது. அதன் பலன் மூன்று மாதம் கழித்துத் தெரியும்.

எந்தச் சிலிண்டர்?

மிஸ்ஸிங் இருக்கும் வேளையிலேயே, எஞ்சினை ஸ்லோவில் ஓடவிட்டு, ரப்பர் பிடியுள்ள இடுக்கியால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் முனையை எர்த்துக்கு அருகில் பிடித்துப் பாருங்கள். கழற்றியதும் ஓட்டம் மேலும் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுவே சோம்பேறி. ஒரே சிலிண்டர் எப்போதும் சோம்பேறியாயிருந்தால் அதன் பிளக், வயர், வால்வு என்று தேடலாம்; பழுது ஒருநாள் ஒன்றிலும் மறுநாள் வேறொன்றிலுமாக அலைந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான காயில், பாயிண்ட், ரோட்டர், கார்புரேட்டர் ஆகியவற்றில் தேடவேண்டும்.

இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து தவறும்போது ஒரு நுட்பமான ஆராய்ச்சிக்கு இடமுண்டு. இவ்வண்டிகளில் தீப்பற்றும் வரிசை 1-3-4-2. ஆகையால் மூடிக்குள் 1-க்கு அண்டைவீடு 3, 4-க்கு அண்டைவீடு 2. எஞ்சினுக்குள் அண்டைவீடுகளோ 1-2, 2-3, 3-4. ஒன்றும் மூன்றும் சேர்ந்து தவறினால், எஞ்சினுக்குள் தூரத்திலிருந்தும் மூடிக்குள் நெருங்கியிருப்பதால், மூடியின் கரிப்பாதையைச் சந்தேகிக்கவேண்டும். இரண்டும் மூன்றும் சேர்ந்து தவறினால், மூடிக்குள் அவை எதிரெதிர் மூலைகளில் இருப்பதால் மூடி குற்றமற்றது. நடுவிலுள்ள ஹெட் கேஸ்கட் விட்டிருக்கும். அம்பாசிடர் எஞ்சினில் 1-2 இரண்டும் ஒரே உட்செல் துவாரத்தையும், 3-4 இரண்டும் மற்றொன்றையும் பங்கிட்டுக்கொள்வதால், அந்த ஜோடிகளில் ஒன்று தளர்ந்தால் மேனிஃபோல்டு கேஸ்கட் வழியே காற்று இழுக்கிறதா என்பதையும் பார்ப்பது முறை.

சூட்டில் வரும் நோய்

கத்திரி வெயிலில் திண்டிவனம் சாலையில் அரைமணி ஓடியபின் நின்று, புளியமர நிழலில் ஆறியதும் மறுபடி கிளம்பும் வண்டிக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். காயிலின் உள்ளே நூலிழை போன்ற கம்பி சூட்டில் விரிந்து விட்டுப்போவது ஒன்று. கண்டென்சர் சூட்டில் கசிவது மற்றொன்று. அப்போது பாயிண்ட் திறக்குமிடத்தில் தடித்த பொறி பறந்து, ஒரு முனையில் மேடும் மறுமுனையில் குழியுமாகத் தேய்ந்திருக்கும். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்தபின் துகள் தங்காமல் துடைத்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்தும் நோய் மீண்டும் வந்தால், கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். மற்றொரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும் நல்ல கண்டென்சரைக் கொண்டு சோதிப்பதே உத்தமம். கடையில் வாங்கிய புதியது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது.

மூன்றாவது காரணம் பெட்ரோல் ஆவியடைப்பு. எஞ்சின் சூட்டில், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் ஏ.சி. பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழிட, பம்பு வெறும் ஆவியையே மென்றுகொண்டிருக்கும். பொறி நன்றாயிருக்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, ஈரத்துணியைப் பம்பின்மீது மட்டும் போர்த்துங்கள். ஐந்து நிமிஷத்தில் கிளம்பினால் அனுமானம் மெய்யாயிற்று. பம்பையும் காயிலையும் ஒருங்கே நனைத்துவிட்டால், பிழைத்தது எதனால் என்று கடைசிவரை தெரியாது.

எர்த்தும் டேங்க்கும்

பழைய வண்டியின் மின்சாரம் திரும்பிச் செல்லும் பாதை அதன் உடலே. எஞ்சின் ரப்பர் மெத்தைகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் உடலையும் ஒரு பின்னல் செம்புப் பட்டை இணைக்கிறது. சேறும் உவர்நீரும் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் இக்கரையில் அது பச்சைக் களிம்பேறிப் பொடிந்துபோகிறது. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது சோக் கம்பி தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால், பட்டை செய்யவேண்டிய வேலையை அந்த மெல்லிய கம்பி செய்துகொண்டிருக்கிறது. பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சினின் சுத்தமான உலோகத்துக்கும் மல்டிமீட்டரை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றினால், அரை வோல்ட்டுக்குமேல் காட்டுவது கோளாறின் அடையாளம். பட்டையின் இரு முனைகளையும் உலோகம் பளபளக்கும்வரை சுரண்டி, இறுக்கி, இறுக்கிய பிறகே வாசலின் தடவுங்கள்.

பெட்ரோல் பக்கத்தில் முதல் சந்தேகத்துக்குரியது டேங்க் மூடிதான். பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்று புகுவதற்கென்று இருக்கும் சிறு துவாரத்தைத் துருவும் உப்பும் அடைத்துவிட்டால், டேங்குக்குள் வெற்றிடம் வலுத்து, ஒரு தூரத்துக்குமேல் பம்பினால் இழுக்கமுடியாமல் எஞ்சின் அடங்கும். நின்றவுடன் மூடியைத் திறக்கையில் உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்து, பிறகு வண்டி ஒன்றும் நடவாததுபோல் ஓடினால் வேறு சோதனையே வேண்டாம். டேங்கின் அடியில் உதிர்ந்த துருச்செதில் ஓடும்போது குழாய் வாயை அடைத்து, நின்றதும் விலகிவிடுவதும் இதே வேஷம் போடும். மூடியைத் திறந்தே ஓட்டியும் நோய் வந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவவேண்டியதுதான். டேங்குக்கும் பம்புக்கும் இடையேயுள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால், அது இழுக்கும் பக்கமாதலால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே புகும். ஒழுகலைத் தேடுபவர் கண்ணுக்கு அது அகப்படாது.

இன்று பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம்வரை கலந்திருக்கிறது. பழைய வண்டியின் ரப்பர் குழாய்களும் பம்பின் டயாஃப்ரமும் இதற்கென்று செய்யப்பட்டவையல்ல. அவை ஊதியும் இளகியும் கெடுகின்றன. எத்தனால் காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுவதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் நீர் சேர்ந்து, அளவு மீறியதும் தனியே பிரிந்து அடியில் தங்குகிறது. கார்புரேட்டர் கிண்ணத்திலுள்ளதை ஒரு கண்ணாடி டம்ளரில் வடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனியாக ஒரு படிவு தெரிந்தால் டேங்கை வடிப்பதே தீர்வு. குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது இக்காலத்தில் தவிர்க்கமுடியாத செலவு.

டீசல் வண்டிகளுக்குப் பொறியே இல்லையாதலால் மேற்சொன்னவற்றில் பெரும்பாலானவை அவற்றுக்குப் பொருந்தா. குழாயில் புகும் காற்றையும் ஃபில்டரில் தங்கும் நீரையும் பார்த்தால் போதும்.

காலை எடுத்தால் அணையும் வண்டி

சொல்வதாக வாக்களித்த விஷயத்துக்கு வருகிறேன். என் அம்பாசிடர் ஒரு கோடை முழுவதும், வேகமாக ஓடிவந்து ஸ்பீடு பிரேக்கருக்காகக் காலை எடுக்கும்போதெல்லாம் அணைந்துகொண்டிருந்தது. சில வேளை உடனே கிளம்பும். சில வேளை நான்கு பேர் தள்ளவேண்டும். நகரத்துப் பட்டறை ஒன்றில் காயில், கண்டென்சர், பிளக், ஏ.சி. பம்பு எல்லாம் புதிதாயின. கடைசியில் மரக்காணத்தில், சாலையோரப் பட்டறை வைத்திருந்த ஓர் இளைஞரிடம் மாற்றிய பொருள்களின் ஜாபிதாவைச் சொல்லத் தொடங்கினேன்.

"ஐயா, என்னென்ன மாத்துனீங்கன்னு நான் கேக்கல. எப்ப நிக்குது, அப்ப உங்க கால் எங்க இருந்துச்சு, அதச் சொல்லுங்க."

"ஸ்பீடு பிரேக்கர் வந்தாத்தான் தம்பி. காலை எடுத்தா அணைஞ்சிடுது."

அவர் காயிலைத் தொடவில்லை. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டை எனக்குக் காட்டினார். கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய வேக்கம் குழாயின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார். தட்டு சிறிது திரும்பிற்று. விட்டார்; திரும்பி வந்தது. ஆக்ஸிலேட்டரில் கால் அழுந்தும்போதும் எழும்போதும் அந்தத் தட்டு இப்படி ஆடுவதால், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் விரலளவு வயர் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் மடங்கி மடங்கி நிமிர்ந்திருக்கிறது. அதை இரு விரலால் மெல்ல இழுத்தார். ரப்பர் நாடாபோல் நீண்டது. மேலுறை முழுசாயிருக்க, உள்ளே செம்பிழைகள் எல்லாம் அறுந்துபோயிருந்தன. தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது முனைகள் தொட்டுக்கொண்டும், மறு நிலையில் விலகியும் இருந்திருக்கின்றன.

இந்த இடத்தைப் பரிசோதிக்க வேறு கருவி வேண்டாம். இழுத்தால் நீளும் வயர் அறுந்த வயர். தட்டை உடலோடு இணைக்கும் சிறு எர்த் வயரையும் அப்படியே இழுத்துப் பார்க்கவேண்டும், அதுவும் அதே ஆட்டத்தில் அறுவதே. மாற்றும்போது வீட்டு மின்சார வயரைப் போட்டுவிடக்கூடாது. தடித்த சில இழைகள் உள்ள அது சில மாதங்களிலேயே முறிந்துபோகும். மயிரிழை போன்ற பல மென்செம்பிழைகளும் வழவழப்பான மேலுறையும் உள்ள வயரையே எடுத்து, தட்டு முழுமையாகத் திரும்பும்போதும் விறைக்காதபடி சிறிது தொய்வு விட்டு, ஆனால் அந்தத் தொய்வு சுழலும் கேமிலோ ரோட்டரிலோ உரசாதபடி ஒதுக்கி, முனைகளைப் பற்றவைத்து மாட்டவேண்டும். மூடியைப் போடும் முன் வேக்கம் குழாயை இன்னொரு முறை உறிஞ்சி, தட்டு திரும்பும்போது வயர் எங்கே மடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.